நீர்மின் உற்பத்தியில் எந்த நாடு முதலிடம்?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

சென்ற பருவத்தில் எங்கள் துறையில் நடைபெற்ற மாணவர் கருத்தரங்கில் 'நீர்மின் ஆற்றல்' என்னும் தலைப்பு எனக்குக் கிடைத்தது. இரண்டு நாட்கள் நூலகத்தில் அமர்ந்து குறிப்பெடுத்துக்கொண்டு மேடை ஏறினேன். "நீர்மின் உற்பத்தியில் உலகின் முதல் நாடு சீனா. உலகின் மிகப் பெரிய நீர்மின் நிலையம் அந்நாட்டு யாங்சி ஆற்றின் திரீ கார்ஜஸ் அணையில் உள்ளது" என்று தொடங்கினேன். பேராசிரியர் அவர்கள் கையை உயர்த்தி, "முதல் என்கிறாய், எந்த அளவுகோலால் முதல்?" என்று கேட்டார்கள். அளவுகோல் ஒன்றுதானே இருக்க முடியும் என்று எண்ணியிருந்த நான் விழித்தேன். வகுப்பு சிரித்தது. அன்று சொல்ல முடியாமற்போன விடையைத் தேடியதன் பயனே இக்கட்டுரை.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். படித்ததை வீட்டில் ஒருமுறை சொல்லிப் பார்ப்பது என் வழக்கம். கேட்பவர் என் அப்பாயி. எங்கள் ஊர் ஓர் அணையின் நீர்த்தேக்கக் கரையில் உள்ளது. அணை, மதகு, மின்சாரம் ஆகியவற்றைப் பற்றி அப்பாயிக்கு என்னைவிட அதிகம் தெரியும் என்பதை இக்கட்டுரையின் முடிவில் நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள்.

நீர் மின்சாரமாவது எப்படி?

உயரத்தில் உள்ள நீருக்கு நிலை ஆற்றல் உண்டு. அது குழாய் வழியே கீழே பாயும்போது நிலை ஆற்றல் இயக்க ஆற்றலாகவும் அழுத்தமாகவும் மாறி டர்பைனைச் சுழற்றுகிறது. டர்பைனுடன் இணைந்த மின்னாக்கி அச்சுழற்சியை மின்சாரமாக மாற்றுகிறது. கிடைக்கும் திறனைக் கணக்கிட இரண்டே விவரங்கள் வேண்டும். ஒன்று, நொடிக்கு எவ்வளவு நீர் பாய்கிறது என்பது. மற்றொன்று, எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறது என்பது. நொடிக்கு ஒரு கன மீட்டர் நீர் 100 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் 980 கிலோவாட் திறன் உண்டு. இயந்திரங்களில் ஏற்படும் இழப்பு போகப் பத்தில் ஒன்பது பங்கு மின்சாரமாகக் கிடைக்கும்.

எனவே நீர் குறைவாக இருந்தாலும் உயரம் மிகுதியாக இருந்தால் போதும். உயரம் குறைவாக இருந்தாலும் நீர் மிகுதியாக இருந்தால் போதும். ஸ்விட்சர்லாந்தின் பியூட்ரோன் மின்நிலையத்தில் நீர் 1,883 மீட்டர் உயரத்திலிருந்து இறங்குகிறது. அங்கு ஓர் இயந்திரத்திற்கு நொடிக்கு 25 கன மீட்டர் நீரே போதும். 423 மெகாவாட் கிடைத்துவிடுகிறது. பிரேசிலும் பராகுவேயும் சேர்ந்து பரானா ஆற்றில் கட்டிய இத்தைப்பு நிலையத்தில் வீழ்ச்சி உயரம் ஏறத்தாழ 120 மீட்டர்தான். அங்கு ஓர் இயந்திரம் 700 மெகாவாட் தருவதற்கு, மேற்சொன்ன கணக்கின்படி, நொடிக்கு 650 கன மீட்டர் அளவில் நீர் பாய வேண்டும். முன்னது மலையின் கொடை, பின்னது ஆற்றின் கொடை.

இவ்விரு வகையையும் நம் மாநிலத்திலேயே காணலாம். 1932ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கிய நீலகிரியின் பைக்காரா நிலையத்தில் நீர் 900 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்திலிருந்து இறங்குகிறது. கோவை வட்டாரத்து ஆலைகள் பெருகியதற்கு அம்மின்சாரம் ஒரு முக்கியக் காரணமாயிற்று. 1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையிலோ அத்தகைய உயரம் இல்லை. அங்கு காவிரியின் நீரளவே பலம்.

முதல் அளவுகோல்: நிறுவு திறன்

ஒரு நிலையத்தின் இயந்திரங்கள் அனைத்தும் முழு வேகத்தில் ஓடினால் எவ்வளவு திறன் கிடைக்குமோ அதுவே நிறுவு திறன். இதனை மெகாவாட்டில் குறிப்பர். திரீ கார்ஜஸ் நிலையத்தில் 700 மெகாவாட் இயந்திரங்கள் 32ம், 50 மெகாவாட் இயந்திரங்கள் இரண்டும் உள்ளன. கூட்டினால் 22,500 மெகாவாட். இத்தைப்புவில் 700 மெகாவாட் இயந்திரங்கள் 20. ஆக 14,000 மெகாவாட். 2022ஆம் ஆண்டு இறுதியில் முழுமை பெற்ற சீனாவின் பைஹெத்தான் நிலையத்தில் ஒவ்வொன்றும் 1,000 மெகாவாட் திறனுள்ள 16 இயந்திரங்கள் இருக்கின்றன. இந்த அளவுகோலில் சீனா முதலிடம் என்பதில் ஐயமில்லை.

இரண்டாம் அளவுகோல்: உண்மையில் கிடைத்த மின்சாரம்

நிறுவு திறன் என்பது ஒரு தொழிலாளியின் உடல் வலிமையைப் போன்றது. அவர் எத்தனை நாள் வேலைக்குப் போனார் என்பதை அது சொல்லாது. வேலையைச் சொல்வது யூனிட், அதாவது கிலோவாட் மணி. ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டி ஒரு மணி நேரம் சூடானால் ஒரு யூனிட் செலவாகிறது அல்லவா, அதே யூனிட்தான்.

இத்தைப்பு நிலையம் 2016ஆம் ஆண்டில் 10,310 கோடி யூனிட் உற்பத்தி செய்தது. அதைவிட எட்டாயிரம் மெகாவாட்டுக்கும் மேல் கூடுதல் திறன் கொண்ட திரீ கார்ஜஸ், தன் சாதனை ஆண்டாகிய 2020இல் தந்தது 11,180 கோடி யூனிட். இரண்டும் 366 நாட்கள் கொண்ட ஆண்டுகள். ஆண்டு முழுவதும் இயந்திரங்கள் நிற்காமல் ஓடியிருந்தால் கிடைத்திருக்கக்கூடியதுடன் ஒப்பிட்டால், இத்தைப்பு நூற்றுக்கு 84 பங்கும் திரீ கார்ஜஸ் நூற்றுக்கு 57 பங்கும் எட்டியுள்ளன. காரணம் ஆறுகளின் இயல்பு. பரானா ஆற்றின் நீரோட்டம் ஆண்டு முழுவதும் ஓரளவு சீரானது. மேற்பகுதியிலுள்ள பல அணைகள் அதனை மேலும் சீராக்குகின்றன. யாங்சியில் கோடைமழைக் காலத்தில் பெருவெள்ளம் வரும். குளிர்காலத்தில் நீர் சுருங்கும். திரீ கார்ஜஸ் அணை வெள்ளத்தைத் தடுப்பதற்காகவும் கட்டப்பட்டது. ஆகவே வெள்ளக் காலத்திற்கு முன் நீர்மட்டத்தைத் தாழ்த்தி இடம் ஒதுக்கிவைக்க வேண்டியுள்ளது.

மேட்டூரிலும் இதே பாடத்தைக் கற்கலாம். அங்கு அணை மின்நிலையம் 50 மெகாவாட், சுரங்க மின்நிலையம் 200 மெகாவாட், ஆக 250 மெகாவாட் திறன் உண்டு. ஆனால் அவ்வணை முதலில் பாசனத்திற்கானது. டெல்டாவுக்கு நீர் திறக்கும்போதே அந்நீர் டர்பைனையும் சுழற்றிச் செல்கிறது. மதகு மூடியிருக்கும் காலத்தில் அணை நிறைய நீர் இருந்தாலும் மின்சாரம் இராது. "அணையில அத்தனை தண்ணி கிடக்கறப்ப கரண்ட் ஏன் போவுது?" என்று என் தந்தையார் கேட்பதுண்டு. தேங்கி நிற்கும் நீரில் மின்சாரம் இல்லை, இறங்கும் நீரில்தான் உண்டு என்று இப்போது என்னால் சொல்ல முடிகிறது.

மூன்றாம் அளவுகோல்: தலைக்கு எவ்வளவு?

சீனா ஆண்டுதோறும் 1,30,000 கோடி யூனிட் அளவில் நீர்மின்சாரம் உற்பத்தி செய்கிறது. உலகின் மொத்த நீர்மின்சாரத்தில் இது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. பிரேசிலும் கனடாவும் வெகு தொலைவில் அடுத்த இடங்களில் நிற்கின்றன. நார்வே தருவதோ சீனாவில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். ஆனால் நார்வேயின் மக்கள்தொகை சுமார் 55 லட்சம். நம் நாட்டில் ஒரு பெருநகரத்தின் மக்கள்தொகைக்கும் குறைவு. மக்கள்தொகையால் வகுத்துப் பார்த்தால் கிடைக்கும் தோராயமான விடை இது: நார்வேயில் ஒருவருக்கு ஆண்டுக்கு 25,000 யூனிட், கனடாவில் 9,000, பிரேசிலில் 2,000, சீனாவில் 1,000, இந்தியாவில் 100. முதலில் நின்ற சீனா இந்த வரிசையில் பின்னுக்குப் போய்விடுகிறது. நாமோ இன்னும் பின்னால் நிற்கிறோம்.

நார்வேக்கு இயற்கை தந்த வாய்ப்பு பெரிது. உயர்ந்த மலைப்பீடபூமிகள், அவற்றின்மேல் ஏரிகள், ஏராளமான மழையும் பனியும், குறைந்த தூரத்தில் கடல்மட்டம். குளிர்காலப் பனி வேனிலில் உருகி ஏரிகளை நிரப்புகிறது. இயற்கை தந்ததை அவர்கள் பயன்படுத்திக்கொண்ட விதமும் கவனிக்கத்தக்கது. 1911இல் ருயூக்கன் அருகே வேமார்க் என்னுமிடத்தில் 108 மெகாவாட் நிலையம் அமைத்து, அம்மின்சாரத்தைக் கொண்டு காற்றிலுள்ள நைட்ரஜனை உரமாக மாற்றினர். மின்சாரம் மலையிலிருந்து இறங்கி வயலுக்குப் போய்ச் சேர்ந்தது என்று சொல்லலாம்.

நான்காம் அளவுகோல்: எவ்வளவு சார்ந்திருக்கிறார்கள்?

நார்வே தன் மின்சாரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு அளவில் நீரிலிருந்து பெறுகிறது. பராகுவேயும் பூட்டானும் ஏறத்தாழ முழுவதையும் நீரிலிருந்தே பெறுகின்றன. பிரேசிலும் கனடாவும் பாதிக்கு மேல். உற்பத்தியில் முதலாவதான சீனாவில் ஏழில் ஒரு பங்கு அளவே. இந்தியாவில் பத்தில் ஒரு பங்கிற்கும் குறைவு. அமெரிக்காவில் நூற்றுக்கு ஆறு பங்கு அளவு.

முழுதும் நீரை நம்பியிருப்பது பெருமையா, ஆபத்தா? 2001ஆம் ஆண்டு பிரேசிலில் மழை பொய்த்து நீர்த்தேக்கங்கள் வற்றியபோது, மின் பயனீட்டை நூற்றுக்கு இருபது பங்கு குறைக்கும்படி மக்களுக்கு ஆணையிட வேண்டியதாயிற்று. 2022 ஆகஸ்டில் சீனாவின் சிச்சுவான் மாநிலத்தில் கடும் வறட்சியும் வெப்பமும் சேர்ந்து வந்தன. மின்சாரத்தில் ஐந்தில் நான்கு பங்கை நீரிலிருந்து பெறும் அம்மாநிலத்தில் ஆலைகள் பல நாட்கள் மூடப்பட்டன. 2024இல் ஆப்பிரிக்காவின் ஜாம்பியா நாட்டில் கரிபா நீர்த்தேக்கம் வற்றியதால் மக்கள் நாளின் பெரும்பகுதியை மின்சாரமின்றிக் கழித்தனர். எனவே நீரை மட்டும் நம்பும் நாடு வானத்தை மட்டும் நம்பும் உழவனைப் போன்றது. மானாவாரி நிலம் வைத்திருப்பவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

இருப்பினும் நீர்மின்சாரத்திற்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. வேண்டும்போது சில நிமிடங்களில் இயக்கலாம், வேண்டாதபோது நிறுத்தலாம். நிலக்கரி நிலையத்தால் இவ்வளவு விரைவாக இயலாது. காற்றும் வெயிலும் நம் சொல் கேட்பதில்லை. டென்மார்க்கில் காற்று வீசும்போது நார்வே தன் நீரைச் சேமித்துக்கொண்டு அம்மின்சாரத்தைக் கடலடிக் கம்பிவடம் வழியாக வாங்குகிறது. காற்று ஓயும்போது தன் நீரைத் திறந்து திருப்பி அனுப்புகிறது. ஏறத்தாழ இதே வேலையைக் கோவை மாவட்டத்தின் காடம்பாறை நிலையம் வேறு வழியில் செய்கிறது. மின்சாரம் மிகுந்திருக்கும் நேரத்தில் கீழுள்ள நீரை மேலே ஏற்றி வைத்து, தேவை மிகும் நேரத்தில் இறக்கி 400 மெகாவாட் வரை தருகிறது. ஏற்றுவதற்குச் செலவானதில் முக்கால் பங்கு அளவே திரும்பக் கிடைக்கும். ஆனாலும் அரிசி மலிந்த காலத்தில் வாங்கி வைப்பது போல அதில் லாபம் உண்டு.

நீருக்கு எல்லை உண்டா?

ஆறுகளுக்கு நாட்டு எல்லை தெரியாது. இத்தைப்பு ஒப்பந்தம் 1973இல் கையெழுத்தாயிற்று. 1984இல் உற்பத்தி தொடங்கியது. மின்சாரத்தில் பாதி பிரேசிலுக்கு, பாதி பராகுவேக்கு. ஆனால் பராகுவேயின் மின்னோட்டம் நொடிக்கு 50 சுழற்சி, பிரேசிலில் 60 சுழற்சி. எனவே பத்து இயந்திரங்கள் ஒரு விதமாகவும் பத்து இயந்திரங்கள் மற்றொரு விதமாகவும் அமைக்கப்பட்டன. பராகுவே தன் பங்கில் மிஞ்சுவதைப் பிரேசிலுக்கு விற்கும்போது, அதனை நேர்மின்னோட்டமாக மாற்றி ஏறத்தாழ 800 கிலோமீட்டர் கொண்டு சென்று, மீண்டும் மாறுமின்னோட்டமாக்குகிறார்கள். நாம் ஆய்வகத்தில் டையோடு வைத்துச் செய்யும் சோதனையின் பேருருவம் இது.

நமக்கு அருகிலும் இத்தகைய உறவு உண்டு. இந்திய உதவியுடன் பூட்டான் கட்டிய சுக்கா நிலையம் 336 மெகாவாட் திறனுள்ளது. மழைக்காலத்தில் பூட்டான் நமக்கு மின்சாரம் விற்கிறது. ஆறுகள் சுருங்கும் குளிர்காலத்தில் நம்மிடமிருந்து வாங்குகிறது. நீலகிரியின் குந்தா நிலையங்களோ கொழும்புத் திட்டத்தின்கீழ் கனடா நாட்டின் உதவியால் உருவானவை.

ஐந்தாம் அளவுகோல்: முழுகியது எவ்வளவு?

இதுவரை எழுதியதைச் சென்ற பொங்கல் விடுமுறையில் அப்பாயியிடம் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாஞ் செரி கண்ணு, முழுகிப்போனதுக்குக் கணக்கு எங்க?" என்றார்.

அப்பாயியின் மாமனாருக்கு இருந்த இரண்டு ஏக்கர் நிலம் இன்று நீர்த்தேக்கத்திற்குள் உள்ளது. கோடையில் நீர் வெகுவாக இறங்கும் ஆண்டுகளில், பழைய கிணற்றின் கல்கட்டு தெரியும் இடத்தை அப்பாயி கை நீட்டிக் காட்டுவார். "நான் வாக்கப்பட்டு வந்து பத்து வருசம் சீமெண்ணெ வெளக்குதான். அணையில எரியற வெளக்கு வாசல்ல இருந்து பாத்தாத் தெரியும். நம்ம வீட்டுலதான் இல்ல" என்று அவர் சொன்னபோது அவர் குரலில் கோபம் இல்லை. நேற்று மழை பெய்தது என்பது போலச் சொன்னார்.

மீண்டும் நூலகத்திற்குப் போனேன். நிலத்தின் கணக்கு கிடைத்தது. திரீ கார்ஜஸ் நீர்த்தேக்கத்தின் பரப்பு 1,084 சதுர கிலோமீட்டர். ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 21 மெகாவாட். இத்தைப்பு 1,350 சதுர கிலோமீட்டர், 10 மெகாவாட். பிரேசிலின் அமேசான் காட்டில் 1980களின் இறுதியில் கட்டப்பட்ட பல்பினா அணை 2,300 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட காட்டை முழுகடித்தது. அதன் திறன் 250 மெகாவாட். ஒரு சதுர கிலோமீட்டருக்கு 0.1 மெகாவாட். முழுகிய மரங்கள் நீருக்கடியில் அழுகி மீத்தேன் வாயுவை வெளியிடுவதால், புகையில்லா மின்சாரம் என்ற பெயரும் அங்கு முழுதும் பொருந்தவில்லை. அதே 250 மெகாவாட் கொண்ட மேட்டூரின் நீர்ப்பரப்பு ஏறத்தாழ 153 சதுர கிலோமீட்டர். அதுவும் பல லட்சம் ஏக்கருக்குப் பாசனம் தந்துவிட்டு, உடன் மின்சாரமும் தருகிறது. சமவெளியில் அணை கட்டினால் நிலம் மிகுதியாக முழுகும், குறுகிய பள்ளத்தாக்கில் கட்டினால் குறைவாக முழுகும் என்பது இதனால் விளங்கும்.

மனிதர்களின் கணக்கும் உண்டு. திரீ கார்ஜஸ் அணைக்காக ஏறத்தாழ 13 லட்சம் பேர் இடம் பெயர்க்கப்பட்டனர். நார்வேயில் அல்ட்டா ஆற்றின் அணையை எதிர்த்து 1979 முதல் 1981 வரை சாமி இனமக்கள் போராடினர். அணை கட்டப்பட்டுவிட்டது, ஆனால் அப்போராட்டத்தின் பயனாக அவர்களுக்கென ஒரு பிரதிநிதி மன்றம் 1989இல் ஏற்பட்டது. கனடாவின் ஜேம்ஸ் விரிகுடாத் திட்டத்தில் கிரீ மக்கள் நீதிமன்றம் சென்றனர். 1975இல் அரசு அவர்களுடன் உடன்படிக்கை செய்துகொண்டது. தலைக்கு 25,000 யூனிட் உள்ள நாட்டிலும் இந்தக் கேள்வி எழாமல் இல்லை.

என்னால் ஆன ஒரு கணக்கும் போட்டேன். திரீ கார்ஜஸ் 2020இல் தந்த 11,180 கோடி யூனிட்டை இடம் பெயர்ந்த 13 லட்சம் பேரால் வகுத்தேன். ஒருவருக்கு ஓர் ஆண்டில் 86,000 யூனிட் வருகிறது. இதை அப்பாயியிடம் பெருமையாகச் சொன்னேன். எங்கள் வீட்டில் இரண்டு மாதத்திற்கு 100 யூனிட்கூட ஆவதில்லை என்பது அவருக்குத் தெரியும். சிறிது நேரம் யோசித்துவிட்டு, "ஒருத்தருக்கு அத்தனன்னா, அந்தாளு வீட்டுக்கு மொதல்ல வெளக்குப் போட்டிருப்பாங்கல்ல?" என்று கேட்டார். நான் படித்த அட்டவணைகளில் மெகாவாட்டிற்கு ஒரு பத்தி இருந்தது. யூனிட்டிற்கு ஒரு பத்தி இருந்தது. அப்பாயி கேட்டதற்குப் பத்தி இல்லை.

முடிவுரை

ஆக, பேராசிரியர் அவர்களின் கேள்விக்கு இப்போது விடை கூறலாம். திறனிலும் மொத்த உற்பத்தியிலும் சீனா முதல். இரு பெரும் நிலையங்களுள் இயந்திரத்தை நன்கு பயன்படுத்தியதில் இத்தைப்பு முந்துகிறது. நான் ஒப்பிட்ட ஐந்து நாடுகளில் தலைக்கணக்கில் நார்வே முதல். முழுதும் நீரைச் சார்ந்திருப்பதில் பராகுவேயும் பூட்டானும் முன்னிற்கின்றன. அளவுகோலைச் சொல்லாமல் முதலிடம் என்று சொல்வது, அலகு எழுதாமல் விடை எழுதுவதற்கு ஒப்பாகும். தேர்வில் அதற்கு மதிப்பெண் குறையும் என்பது நாம் அறிந்ததே.

நம் நாட்டில் 1978 முதல் 1987 வரை நடந்த ஆய்வு, 1,48,000 மெகாவாட்டுக்கும் மேற்பட்ட நீர்மின் வாய்ப்பு உள்ளதாகக் கணித்தது. அதில் பெரும்பகுதி இமயமலை ஆறுகளில் உள்ளது. 2023 அக்டோபரில் சிக்கிமில் பனியேரி உடைந்த வெள்ளத்தில் 1,200 மெகாவாட் தீஸ்தா மூன்றாம் நிலையத்தின் அணை அடித்துச் செல்லப்பட்டதை நாம் மறக்கலாகாது. இனி கட்டப்படும் அணைகளுக்குக் கணக்குப் போடப்போகிறவர்களில் நம் கல்லூரி மாணவர்களும் இருப்பார்கள். நானும் இருக்க விரும்புகிறேன். அப்போது நீரின் அளவு, வீழ்ச்சி உயரம், இயந்திரத் திறன் என்னும் மூன்று பத்திகளுக்குப் பக்கத்தில் நான்காவதாக ஒரு பத்தி கோடு போட்டு வைப்பேன். யாருடைய நிலம் முழுகுகிறதோ அவர் வீட்டு விளக்கு எந்த நாளில் எரியும் என்பதை எழுதுவதற்கான பத்தி அது.

கட்டுரையை முடித்துவிட்டேன் என்று சொன்னபோது, "என் பேரப் போட்டிருக்கறயா?" என்று அப்பாயி கேட்டார். பெயரைப் போடவில்லை. ஆனால் ஐந்தாம் அளவுகோல் அவருடையது.